மூலிகையை அளந்து பார்த்த மருத்துவர்: வில்லியம் விதரிங் (1741–1799)



லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில், ஓய்வுநாளன்று பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டில் இயேசு விருந்துண்ணச் செல்கிறார். அங்கே அவர் முன் ஒரு நோயாளி இருக்கிறார். அவருக்கு இருந்தது நீர்க்கோவை நோய். இந்தப் பகுதிக்கு மறையுரை ஆற்றும் நாங்கள் பெரும்பாலும் ஓய்வுநாள் சட்டத்தைப் பற்றியே பேசிவிட்டு, அந்த மனிதரின் நோயைக் கடந்து போய்விடுகிறோம். உடம்பில் நீர் தேங்கி, கால்கள் வீங்கி, வயிறு பானைபோல் உப்பி, படுத்தால் மூச்சு முட்டும் நோய் அது. இரவு முழுவதும் உட்கார்ந்தபடியே விடியலுக்காகக் காத்திருக்க வேண்டும். இதயம் பலவீனமடைவதாலும், சிறுநீரகமோ கல்லீரலோ கெடுவதாலும் இப்படி நீர் கோக்கும் என்பது பிற்காலத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. அதுவரை பேதிக்குக் கொடுப்பது, இரத்தம் வடிப்பது, வயிற்றில் துளையிட்டு நீரை இறக்குவது என்று மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்துவந்தார்கள். நோயாளிகளில் பலர் பிழைக்கவில்லை.

இந்த நோய்க்கு ஒரு செடியின் இலையைக் கொண்டு பத்து ஆண்டுகள் ஆராய்ந்தவர் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர். இவர் புனிதர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். ஆனாலும் இவருடைய வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள எனக்கு ஒரு காரணம் உண்டு. சாமி, இந்தக் கசாயம் குடிக்கலாமா, அந்த வேரை அரைத்துச் சாப்பிட்டால் சர்க்கரை போய்விடுமாமே என்று நம் பங்கு மக்கள் கேட்பது வழக்கம். மருத்துவரையும், மண்ணிலிருந்து கிடைக்கும் மருந்தையும் மதிக்கும்படி சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அதில் எனக்கு ஐயமில்லை. எந்த இலை, எந்த நோய்க்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் கேள்வி. விதரிங்கின் கதை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் உள்ள வெலிங்டன் என்ற சிற்றூரில் 1741-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையும் மருந்து கொடுக்கும் தொழிலில் இருந்தவர்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1766-இல் பட்டம் பெற்றார். வேடிக்கை என்னவென்றால், மாணவராக இருந்தபோது அவருக்குத் தாவரவியல் அறவே பிடிக்காது. பேராசிரியர் தங்கப் பதக்கம் அறிவித்திருந்தும் அந்தப் பாடத்தின்மேல் இருந்த வெறுப்பு போகவில்லை என்று பெற்றோருக்கு எழுதினார்.

அந்த வெறுப்பைப் போக்கியவர் ஓர் இளம்பெண். பட்டம் பெற்றபின் ஸ்டாஃபோர்டு நகரில் அவர் மருத்துவம் பார்த்தார். சிறிய ஊர், நோயாளிகள் குறைவு, நேரம் நிறைய. அங்கே அவரிடம் சிகிச்சைக்கு வந்தவர்களில் ஹெலினா குக்ஸ் என்பவரும் ஒருவர். பூக்களைப் பார்த்து ஓவியம் தீட்டுவது அவருக்குப் பிடித்தமான வேலை. அவர் வரைவதற்காக விதரிங் வயல்வெளிகளில் அலைந்து செடிகளைப் பறித்துவந்தார். பறித்த செடிக்குப் பெயர் தெரியவேண்டுமே! நூல்களைப் புரட்டத் தொடங்கினார். 1772-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1776-இல், பிரிட்டனில் இயற்கையாக வளரும் தாவரங்களைப் பற்றிய பெரிய நூல் ஒன்றை விதரிங் வெளியிட்டார். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் வகுத்த முறைப்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்த நூலைப் பொதுமக்களும் வாங்கிப் படித்தார்கள். பெண்கள் படிக்கும்போது கூச்சப்படக்கூடாது என்பதற்காக, பூக்களின் ஆண், பெண் உறுப்புகளைக் குறிக்கும் லின்னேயஸின் சொற்களைத் தவிர்த்துவிட்டார் என்பது ஒரு சுவையான செய்தி.

1775-இல் பர்மிங்காம் நகரில் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் இறந்துபோகவே, அவருடைய இடத்துக்கு வரும்படி இராஸ்மஸ் டார்வின் என்ற மருத்துவர் விதரிங்கை அழைத்தார். பரிணாமக் கொள்கையால் பிற்காலத்தில் பெயர்பெற்ற சார்லஸ் டார்வினின் தாத்தாதான் இவர். தொழிற்சாலைகள் பெருகி வளர்ந்துகொண்டிருந்த ஊர் பர்மிங்காம். விதரிங்கின் வருமானம் பல மடங்கு உயர்ந்தது. இருந்தாலும் நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கி ஏழைகளுக்குக் கட்டணம் வாங்காமல் மருத்துவம் பார்த்தார். அப்படி அவரிடம் வந்த ஏழைகள் ஆண்டுக்கு இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர்.

அதே 1775-ஆம் ஆண்டில்தான் அந்த நிகழ்ச்சி நடந்தது. ஷ்ராப்ஷயரில் வயதான பெண்மணி ஒருவர் தம் குடும்பத்தில் வழிவழியாக வந்த ஒரு மருந்தை இரகசியமாக வைத்திருந்தார். படித்த மருத்துவர்கள் கைவிட்ட நீர்க்கோவை நோயாளிகள் சிலரை அந்த மருந்து குணப்படுத்தியிருந்தது. அது எப்படிப்பட்டது என்று விதரிங்கிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்திருந்தன. அதைச் சாப்பிட்டவர்களுக்குக் கடுமையான வாந்தியும் பேதியும் உண்டாயின. செடிகளை நன்கு அறிந்த விதரிங்குக்கு, அந்தக் கலவையில் உண்மையாக வேலை செய்யும் மூலிகை ஒன்றுதான் இருக்க முடியும் என்பது சீக்கிரமே புலப்பட்டது. அதுதான் ஃபாக்ஸ்குளோவ். ஆங்கிலப் பெயரைப் பிரித்துச் சொன்னால் நரியின் கையுறை என்று பொருள்படும். ஊதா நிறத்தில், விரல் நுழையும் அளவுக்கு நீண்ட மணிகளாகத் தொங்கும் அழகான பூக்கள். தாவரவியலில் இதன் பெயர் டிஜிட்டாலிஸ். இது நஞ்சுள்ள செடி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தப் பாட்டியைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. பல நூல்களில் அவருக்கு ஹட்டன் என்று பெயர் சூட்டி, குடிசை வாசலில் மருத்துவருக்கு மூலிகையைக் கொடுப்பதுபோல் படமும் போட்டிருப்பார்கள். விதரிங்கின் நூலில் அந்தப் பெயரே இல்லை. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்று செய்த விளம்பரத்திலிருந்து பரவிய கற்பனை அது. உண்மையான பெண்மணியின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. தலைமுறைகளாகக் காத்த மருந்தைக் கொடுத்தவரின் பெயர் இல்லாமல் போனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விதரிங் இலையைக் கொதிக்கவைத்துக் கசாயமாக்கிக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகளுக்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிந்து வீக்கம் வடிந்தது. ஆனால் தொடக்கத்தில் அளவு மிக அதிகமாகிவிட்டது, தேவைக்கு அதிகமான நாட்களும் கொடுத்துவிட்டார். நீரைப் பிரிக்கும் வேறொரு மூலிகை, குமட்டல் வரும்வரை கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்ததால் வந்த பிழை அது. இதை அவரே தம் நூலில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

அன்பர்களே, இந்த இடத்தை எளிதாகத் தாண்டிச் செல்ல என் மனம் ஒப்பவில்லை. அந்த அதிக அளவு மருந்தை முதலில் விழுங்கியவர்கள் யார்? அந்த இலவச நேரத்தில் வரிசையில் நின்ற ஏழைகள். ஓரிரு மணி நேரத்தில் அத்தனை பேரையும் பார்க்கவேண்டியிருந்ததால் எல்லோரைப் பற்றியும் குறிப்பு எழுத முடியவில்லை என்று விதரிங் சொல்லுகிறார். ஆகவே அவர்களில் எத்தனை பேர் வீக்கம் வடிந்து வீட்டுக்கு நடந்தார்கள், எத்தனை பேர் வாந்தியெடுத்துத் துவண்டார்கள் என்பதற்கு முழுக் கணக்கு இல்லை. நோயாளிக்கு விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறவேண்டும் என்ற விதியெல்லாம் அக்காலத்தில் கிடையாது. இன்றைய அளவுகோலால் அவரை அளப்பது நியாயமில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனாலும் ஒரு மருந்து உலகுக்குக் கிடைத்த கதையைச் சொல்லும்போது அந்த வரிசையில் நின்றவர்களையும் சேர்த்தே நினைக்கவேண்டும் என்று நான் கருதுகிறேன்.

சிறிது காலம் விதரிங் தயங்கியே இருந்தார். அப்போது ஆஷ் என்ற சக மருத்துவர் ஒரு செய்தி சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கல்லூரியின் தலைவர், மருத்துவர்கள் நம்பிக்கை இழந்த நிலையில், ஃபாக்ஸ்குளோவின் வேரைச் சாப்பிட்டு மூச்சுத்திணறல் நீங்கிப் பிழைத்தாராம். விதரிங்குக்கு மீண்டும் ஊக்கம் பிறந்தது. இம்முறை ஒவ்வொன்றையும் அளந்தே செய்வது என்று முடிவுசெய்தார்.

அவர் என்ன செய்தார் என்று சற்று விரிவாகப் பார்ப்போம். முதலில் வேரை விலக்கினார். வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. இலையும் மாறத்தான் செய்கிறது. ஆனால் செடி பூத்திருக்கும் காலத்தில் மட்டும் இலையைப் பறித்தால் வீரியம் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதைக் கண்டார். காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, எஞ்சிய இலையை வெயிலிலோ அடுப்பின் முன் தகரத் தட்டிலோ உலர்த்திப் பொடியாக்கினார். கொதிக்கவைத்தால் மருந்தின் தன்மை கெடுகிறது என்று தோன்றியதால் கசாயத்தைக் கைவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து வடித்த நீராகவோ, பொடியாகவோ கொடுத்தார். பொடி என்றால் 1 முதல் 3 கிரெயின், நாளுக்கு இருமுறை. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் கணக்கில் சொன்னால் அரைக் குன்றிமணி எடை. ஒரு கைப்பிடி இலையை அள்ளிப் போட்டுக் காய்ச்சு என்ற கைமருந்துப் பேச்சுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

அளவைவிட முக்கியமாக அவர் கண்டுபிடித்தது எப்போது நிறுத்துவது என்பது. சிறுநீரகம், வயிறு, நாடித்துடிப்பு, குடல் ஆகிய நான்கில் எதிலாவது மருந்தின் விளைவு தெரியும்வரை கொடுக்கலாம். தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும். மீறினால் என்னவாகும் என்பதையும் வரிசையாக எழுதினார். குமட்டல், வாந்தி, பேதி, தலைசுற்றல். பார்வை குழம்பி, காணும் பொருளெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியும். நாடி நிமிடத்துக்கு 35 என்ற அளவுக்குக்கூட இறங்கும். பிறகு குளிர்ந்த வியர்வை, வலிப்பு, மயக்கம், மரணம்.

யாருக்கு இம்மருந்து உதவும் என்பதிலும் அவர் கண் கூர்மையாக இருந்தது. முகம் வெளிறி, தோல் குளிர்ந்து, நாடி பலவீனமாகவோ விட்டுவிட்டோ துடிக்கும் நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது. உடல் இறுகி, தோல் சூடாக, நாடி கயிறுபோல் முறுக்கி நின்றவர்களுக்கு அரிதாகவே பலித்தது. சினைப்பையில் நீர் கோத்தவர்களுக்குப் பயனே இல்லை. இதயத்தின் துடிப்பின்மேல் இந்த மூலிகைக்கு வேறெந்த மருந்திலும் காணாத ஆற்றல் இருப்பதையும் குறித்துவைத்தார். ஆனால் வீக்கத்துக்கே இதயம்தான் காரணமாக இருக்கலாம் என்ற முடிவுக்கு அவர் தெளிவாக வரவில்லை. சிறுநீரைப் பிரிக்கும் மருந்தாகவே கடைசிவரை அதைப் பார்த்தார்.

1785-இல் பர்மிங்காமில் அவருடைய நூல் வெளிவந்தது. ஃபாக்ஸ்குளோவையும் அதன் மருத்துவப் பயன்களையும் பற்றிய அந்த நூலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் வரலாறு ஆண்டுவாரியாக இருக்கிறது. குணமானவர்கள் இருக்கிறார்கள், பலன் பெறாதவர்கள் இருக்கிறார்கள், இறந்தவர்களும் இருக்கிறார்கள். வெற்றி பெற்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தால் மருந்துக்கும் அவருக்கும் பெரும் புகழ் கிடைத்திருக்கும். அப்படிச் செய்வது உண்மைக்கு விரோதம் என்று, சரியாகக் கொடுத்ததையும் தவறாகக் கொடுத்ததையும் சேர்த்தே அச்சிட்டார். மற்ற மருத்துவர்கள் தமக்கு எழுதியனுப்பிய அனுபவங்களையும் இணைத்தார். நூலை அவசரமாக வெளியிட ஒரு காரணமும் இருந்தது. ஃபாக்ஸ்குளோவின் பெயர் பரவி, அளவு தெரியாத பலர் கண்டபடி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மக்கள் உயிர் போவதோடு, நல்ல மருந்து ஒன்று ஆபத்தானது என்று ஒதுக்கப்பட்டுவிடும் என்று அவர் அஞ்சினார்.

நம்மூரில் கையில் கிடைக்கும் மூலிகை விளம்பரத் தாள்களை நான் வாசிப்பதுண்டு. குணமடைந்தவர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். குணமடையாதவர்கள் எத்தனை பேர் என்ற பக்கத்தை இதுவரை எதிலும் பார்த்ததில்லை. பக்கவிளைவு அறவே இல்லை என்ற வரி மட்டும் தவறாமல் இருக்கும்.

விதரிங்கின் வாழ்வில் கசப்பும் கலந்தது. அவரைப் பர்மிங்காமுக்கு அழைத்த இராஸ்மஸ் டார்வினே, இறந்துபோன தம் மகனின் ஆய்வை 1780-இல் அச்சிட்டபோது அதனுடன் ஃபாக்ஸ்குளோவைப் பற்றியும் சேர்த்து வெளியிட்டார். விதரிங்கின் பெயர் அதில் இல்லை. நட்பு முறிந்தது. விதரிங்கும் கடுகடுப்பானவர், எளிதில் மன்னிக்கத் தெரியாதவர் என்று சொல்லத் தோன்றுகிறது. இரு பெரிய மருத்துவர்கள் கடைசிவரை மனம் ஒன்றவில்லை.

இதற்கிடையே காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கானவர்களின் மூச்சுத்திணறலைக் கண்டவர் தாமே மூச்சுக்குத் திணறினார். 1791-இல் பர்மிங்காமில் மதப்பிரிவினருக்கு எதிரான பெருங்கலகம் வெடித்தபோது கலகக்காரர்கள் அவர் குடியிருந்த எட்ஜ்பாஸ்டன் மாளிகைக்கும் வந்தார்கள். வீடு தப்பியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் குளிர்காலத்துக்குத் தப்பிக் கத்தோலிக்க நாடான போர்த்துக்கல்லுக்குச் சென்றார். ஓய்வெடுக்கச் சென்ற இடத்திலும் சும்மா இருக்கவில்லை. நோயாளிகள் நாடிவந்த கால்தாஸ் த ரைன்யா வெந்நீர் ஊற்றின் நீரைச் சோதித்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எழுதினார். லிஸ்பன் அறிவியல் கழகம் அந்த ஆய்வை வெளியிட்டது. ஆனால் வெயில் அவர் நுரையீரலைக் காக்கவில்லை. 1799 அக்டோபர் 6-ஆம் நாள், 58-ஆம் வயதில் இறந்தார். எட்ஜ்பாஸ்டன் பழைய ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள அவரது நினைவுக்கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செடி செதுக்கப்பட்டிருக்கிறது.

அவர் பயந்தது நடந்தது. 19-ஆம் நூற்றாண்டில் காய்ச்சல், காசநோய் என்று எதற்கெல்லாமோ இந்த மருந்தைக் கொடுத்தார்கள், பெரும்பாலும் அளவு மீறி. 1930-இல் சிட்னி ஸ்மித் என்ற வேதியியலாளர், இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு செடியின் இலையிலிருந்து டிஜாக்சின் என்ற பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். அதன்பின் ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரே அளவு மருந்து என்பது சாத்தியமாயிற்று. 1997-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இதயம் பலவீனமான 6,800 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். டிஜாக்சின் சாப்பிட்டவர்கள் மருத்துவமனையில் சேரவேண்டிய நிலை குறைந்தது. ஆனால் மொத்த இறப்பு எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. இந்த இரண்டாவது முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். இதே குடும்பத்து மருந்தான டிஜிடாக்சினைக் குறித்து 2025-இல் வெளிவந்த ஆய்வு சற்று நம்பிக்கையூட்டும் முடிவைத் தந்திருக்கிறது.

நம் ஊர் அரளியிலும் இதே வகை நஞ்சு உண்டு. குழந்தைகளை அதன் அருகே விடாமல் எச்சரிப்பது சரியே. இலங்கையில் மஞ்சள் அரளி விதையைத் தின்று இதயத்துடிப்பு தடுமாறிய நோயாளிகளுக்கு, டிஜாக்சின் நஞ்சை முறிக்கவென்று உருவாக்கப்பட்ட மருந்தைக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது பலன் தந்தது. ஷ்ராப்ஷயர் செடிக்காகக் கண்ட மாற்று மருந்து, நம் வேலியோரச் செடியின் நஞ்சையும் முறித்தது.

நம் பங்கின் முதியோரில் சிலர் இன்றும் டிஜாக்சின் சாப்பிடுகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் சாப்பிடுங்கள், சனியும் ஞாயிறும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். மருந்து உடம்பில் தேங்கிவிடக்கூடாதே என்ற கவலைதான் காரணம். அடுத்த முறை போகும்போது மருத்துவர் நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்பார்: குமட்டல் இருக்கிறதா, சாப்பாடு பிடிக்கிறதா, பார்வை மஞ்சளாகத் தெரிகிறதா என்று. விதரிங் 1785-இல் எழுதிவைத்த அதே அறிகுறிகள்தான் அவை.